ஏஓடி கியர்பாக்ஸ்: டிவி கேபிளை கேஜ் வைத்து செட் பண்ணுங்கள்

ஃபோர்டின் பழைய ஏஓடி (ஆட்டோமேட்டிக் ஓவர்டிரைவ்) கியர்பாக்ஸைப் பிரித்துப் பூட்டியதும், கிளட்ச் எல்லாம் புதுசு, இனிக் கவலையில்லை என்று நேரே ரோட்டில் இறக்குகிறவர்கள் உண்டு. த்ராட்டில் வால்வ் (டிவி) பிரஷர், அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்கேற்ப கியர்பாக்ஸுக்குள் ஏறும் ஆயில் அழுத்தம், பார்க்காமல் நான் எந்த வண்டியையும் கராஜை விட்டு வெளியே விடுவதில்லை. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று இதற்குச் சொல்ல கம்ப்யூட்டர் கிடையாது, இந்த டிவி கேபிள் ஒன்றுதான். அது தளர்ந்தால் கிளட்சை அழுத்திப் பிடிக்கும் லைன் பிரஷரும் குறையும், கிளட்ச் வழுக்கி எரியும். அதுவரை கியர் சீக்கிரமே நைசாக மாறும், ஓட்டுகிறவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

நான் சொல்வது 5.0 லிட்டர் இன்ஜெக்ஷன் மஸ்டாங்குக்கு. கார்புரேட்டரும், கேபிளுக்குப் பதில் ராடும் உள்ள வண்டிக்கு முறை வேறு.

முதலில் த்ராட்டில் பாடியில் கேபிள் மாட்டுகிற பிளாஸ்டிக் புஷ்ஷைப் பாருங்கள். பழசு என்றால் நகம் பட்டாலே உதிரும். வெண்கலப் புஷ் போட்டுவிடுங்கள். இதில் மிச்சம் பிடித்து ஒரு கியர்பாக்ஸை இழக்க வேண்டாம்.

அப்புறம் கியர்பாக்ஸின் டிவி போர்ட்டில் 100 பிஎஸ்ஐ பிரஷர் கேஜைப் பூட்டி, ஹோஸை எக்ஸாஸ்டில் படாமல் மேலே கொண்டு வாருங்கள். சக்கரத்துக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக், நியூட்ரல். ஆயில் நன்றாகச் சூடாகட்டும், ஐடில் சரியாக நிற்கட்டும். ஐடிலைப் பிறகு தொட்டால் இந்த செட்டிங்கை மறுபடி பார்க்க வேண்டும்.

இனி 0.397 அங்குல கேஜ் டூல், அதாவது அளவுக் கட்டை. கேபிள் நுனியில் நசுக்கிப் பிடித்த உலோகக் குமிழுக்கும் பிளாஸ்டிக் முனைக்கும் நடுவே அதைச் செருகினால் கேபிள் அந்த அளவுக்கு இழுபடும். இப்போது பிரஷர் கேஜ் 33 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். 30 முதல் 40 வரை கம்பெனி ஏற்கும், நான் 33க்குத்தான் வைப்பேன்.

வரவில்லையா? த்ராட்டில் பாடியில் கேபிளைப் பிடிக்கும் பிராக்கெட்டுக்குப் பின்னால் உள்ள வெள்ளை லாக்கைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்புங்கள். ஸ்பிரிங் அட்ஜஸ்டரைத் தள்ளிவிடும், முள் ஏறும். பின்பக்கமிருந்து அட்ஜஸ்டரை மெல்ல முன்னே தள்ள, முள் இறங்கி வரும். 33இல் பிடித்தபடியே, விடாமல், லாக்கைக் கடைசிவரை அமுக்குங்கள். லாக் விழும்போது கை கொஞ்சம் அசைந்தாலும் முள் நகர்ந்துவிடும், அதனால் கண் கேஜிலேயே இருக்கட்டும்.

டூலை எடுத்ததும் முள் பூஜ்யத்துக்கு வர வேண்டும். 5க்குக் கீழே என்றால் சரி. நிறையப் பேர் இதைப் பார்ப்பதே இல்லை. இறங்கவில்லை என்றால் டூலை மறுபடி போட்டு 33ஐக் கொஞ்சம் குறையுங்கள், ஆனால் 30க்குக் கீழே போகாதீர்கள். அதற்கும் இறங்காவிட்டால் கேபிள் எங்கோ மடங்கியோ சிக்கியோ இருக்கும், அதைத் தேடுங்கள்.

கியர் மாறும்போது உதைக்கிறது, கொஞ்சம் இளக்கிவிடு என்று கஸ்டமர் கேட்பார். 33 நிற்கிறது, பூஜ்யத்துக்கும் வருகிறது என்றால் கேபிளைத் தொடாதீர்கள். குறை, ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியில் இருக்கலாம், அங்கே பாருங்கள்.