ஐயா ஓட்டியது குதிரையா, டாங்கா? பழைய பட்டாளத்துப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி

காரைக்குடி பழம்பொருள் கடைகளில் சட்டம் போட்ட பட்டாளத்துப் படங்கள் கிடைக்கும், சிலருக்கு வீட்டுப் பெட்டகத்துக்குள்ளேயே ஒன்று கிடக்கும். பின்பக்கம் 'கேவல்ரி' என்று எழுதியிருந்தால் போதும், "எங்க ஐயா குதிரைப்படை" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடுவோம். கொஞ்சம் பொறுங்கள். குதிரை போய் டாங்க் வந்த பிறகும் அந்த ரெஜிமெண்டுகள் லான்சர்ஸ், ஹார்ஸ், கேவல்ரி என்ற பெயர்களை விடவில்லை. குதிரைப்படைப் பதவிகளான சவார், தஃபேதார், ரிசால்தார் எல்லாம் இன்றைக்கும் டாங்க் படையில் இருக்கின்றன. அதனால் எழுத்தை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள்.

முதலில் கால். தொடையில் புடைத்து முழங்காலில் இறுகும் கால்சட்டை, குதிகாலில் இரும்பு முள், மார்புக்குக் குறுக்கே தோட்டாப் பைகள் வைத்த தோல் பட்டை இருந்தால் குதிரைக் காலம் என்று எடுத்துக்கொள்ளலாம். கெண்டைக்காலில் சுற்றிய பட்டித் துணியை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: காலாட்படைக்காரர் கணுக்காலில் தொடங்கி மேலே சுற்றுவதால் கட்டும் நாடா முழங்காலுக்குக் கீழே இருக்கும், குதிரைக்காரர் மேலிருந்து கீழே சுற்றுவதால் நாடா கணுக்காலில் நிற்கும். ஆனால் பீரங்கி வண்டி இழுத்த குதிரைக்காரர்களுக்கும் ஏறக்குறைய இதே உடுப்புதான், ஆகவே குதிரையைப் பார்த்ததும் கேவல்ரி என்று முடிவு கட்ட வேண்டாம். விழா உடுப்பில் முள்ளை மட்டும் நம்புவதும் ஆபத்து, டாங்க் அதிகாரிகளும் அதைப் போட்டுக்கொள்வார்கள்.

முழு உடலையும் மூடும் ஓவரால், கறுப்பு பெரே தொப்பி, தூசு தடுக்கும் கண்ணாடி, காதில் ஹெட்போன் என்றால் வண்டிக் காலம், சந்தேகமே வேண்டாம்.

அப்புறம் ஆண்டு. சிந்து ஹார்ஸும் 13-வது லான்சர்ஸும் 1938-ல் முதலில் குதிரையை விட்டன; மற்றவை இரண்டாம் உலகப் போர் நெருக்கடியில் வரிசையாக மாறின, 1941-ல் இந்தியக் கவசப் படை (டாங்க் படை) என்றே பெயர் வந்தது. 1938-க்கு முந்தைய படமென்றால் அநேகமாகக் குதிரைதான். 1945-க்குப் பிறகும் குதிரை தெரிந்தால் சமஸ்தானப் படையாகவோ, குடியரசுத் தலைவரின் மெய்க்காப்பாளர் படையாகவோ, 1953-ல் உருவான 61-வது கேவல்ரியாகவோ இருக்கலாம். தேதி இல்லையா? தொப்பி வில்லையில் கிரீடம் இருந்தால் 1950-க்கு முன், அசோகச் சிங்கம் இருந்தால் பின்.

நம் பக்கத்துக்காரர் என்றால் 16-வது லைட் கேவல்ரியை முதலில் யோசியுங்கள். 1776-ல் மெட்ராஸ் குதிரைப்படையாகத் தொடங்கிய இதில் இப்போது தென்னிந்தியர்கள்தான். 1945-ல் இது பர்மாவுக்குள் போனது கவச கார்களில், 1965 பாகிஸ்தான் போரில் சியால்கோட் பக்கம் சண்டை போட்டது செஞ்சூரியன் டாங்கில். நம் ஊர்க்காரர்கள் வட்டிக்கடை வைத்திருந்த பர்மாதானே என்று ரங்கூனில் எடுத்த எல்லாப் படத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய ராணுவ வண்டி படத்தில் இருந்தால் எண் பலகையைப் பெரிதாக்கிப் பாருங்கள்: மேல்நோக்கிய அம்புக்குறிக்கு அடுத்த இரண்டு இலக்கம் வண்டி வாங்கிய ஆண்டு. படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

சொந்தக்காரரின் படமென்றால் ஓய்வூதியத் தாளைத் தேடி எடுங்கள். அதில் உள்ள ராணுவ எண்ணோடு சிவகங்கை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) கவசப் படை ஆவணப் பிரிவுக்கு எப்படி எழுதுவது என்று சொல்வார்கள். கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைப் பிரிக்காதீர்கள், சாய்வாக வெளிச்சம் விழும்படி வைத்து போனில் எடுத்து அனுப்பினால் போதும்.