பெட்டி கட்டுவதற்கு முன் பெயரைச் சரிசெய்யுங்கள்: கடக்வாஸ்லாவுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு

என் மகன் கடக்வாஸ்லாவில் முப்படைகளுக்கும் அதிகாரிகளைப் பயிற்றும் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர்ந்து வரும் ஆடியோடு ஓராண்டு நிறைகிறது. நான் தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்தில் தையல் கடை நடத்துகிறேன். என் கணவர் மூன்று ஏக்கரில் குறுவையும் தாளடியும் பார்க்கிறார். இரு வீட்டிலும் இதற்கு முன் சீருடை அணிந்தவர் எவரும் இல்லை. சேர்க்கைக் கடிதம் வந்த அன்று, அதில் கேட்டிருந்தவற்றில் பாதிக்கு எங்கே போக வேண்டும் என்று சொல்ல எங்கள் தெருவில் ஆள் இல்லை. அலைந்து கற்றுக்கொண்டதை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். எழுத்துத் தேர்வு, படைத் தேர்வுக் குழுவின் ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. நேர்காணல், மருத்துவப் பரிசோதனை ஆகிய மூன்றையும் கடந்துவிட்ட பிள்ளையின் பெற்றோருக்கானது இது. எந்தப் பயிற்சி மையம், எந்தப் புத்தகம் என்பவற்றை இதில் தேட வேண்டாம்.

பிள்ளை எங்கே போகிறான் என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புணே நகரிலிருந்து சுமார் 17 கிலோமீட்டரில், கடக்வாஸ்லா ஏரிக்கரையில் மூன்றாண்டு, அதாவது ஆறு பருவம். அதன் பிறகு தரைப்படை என்றால் டேராடூன், கடற்படை என்றால் எழிமலை, வான்படை என்றால் துண்டிகல். பட்டம் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தினுடையது. தங்குமிடம், உணவு, சீருடை, புத்தகம், மருத்துவம் எல்லாம் அரசின் பொறுப்பு. கைச்செலவு மட்டும் நம்முடையது. சம்பளம் முதல் நாளிலிருந்தே வரும் என்று ஊரில் சொல்வார்கள், நம்பிவிட வேண்டாம். கடக்வாஸ்லாவில் இருக்கும் மூன்றாண்டும் உதவித்தொகை கிடையாது. அது நான்காம் ஆண்டில்தான் தொடங்குகிறது.

பெயர்

பெட்டி வாங்குவதும் சட்டை தைப்பதும் ஒரு வாரத்து வேலை. எங்களை நாற்பது நாள் அலைக்கழித்தது என் மகனின் பெயர்தான்.

நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. அப்பாவின் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்கிறோம்; அதைப் பள்ளியில் ஒருவர் பெயருக்கு முன்னால் எழுதுகிறார், மற்றொருவர் பின்னால் எழுதுகிறார், வங்கியில் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். வடக்கே தயாராகும் படிவங்களோ முதற்பெயர், நடுப்பெயர், கடைப்பெயர் என்று மூன்று கட்டங்களைப் போட்டு வைத்திருக்கின்றன. என் மகனுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் இருந்தது. ஆதாரில் முன்னால் இருந்தது. வங்கிப் புத்தகத்தில் இல்லவே இல்லை. போதாக்குறைக்கு, அவன் பிறந்த ஆண்டில் எண்கணிதம் பார்த்த மாமனார், பெயரின் ஆங்கில எழுத்துகளில் ஒரு 'ஏ'யைக் கூடுதலாகச் சேர்த்துப் பிறப்புச் சான்றிதழ் வாங்கியிருந்தார். அந்த 'ஏ' பள்ளிக்கு வந்து சேரவில்லை.

இந்த இடத்தில் நாங்கள் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பதற்றத்தில் ஆதார் மையத்துக்குப் போய், தலைப்பெழுத்தை அப்பாவின் முழுப்பெயராக விரித்துத் திருத்தினோம்; அதுதான் முறை என்று அங்கே யாரோ சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டுமே இருக்கிறது. மறுபடியும் போய் அதற்கேற்பத் திருத்தினோம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற இயலும் என்பதை இரண்டாவது ரசீதை வாங்கிய பிறகே அறிந்தோம். என் மகன் பதினேழு வயதில் தன் வாழ்நாள் கணக்கைத் தீர்த்துக்கொண்டான்.

ஆகவே முறை இதுதான். வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து எல்லாத் தாள்களையும் பரப்பி வையுங்கள்: பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மற்றும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம், பெற்றோர் இருவரின் ஆதார். ஒரு நீண்ட நோட்டில் பிள்ளையின் பெயர், அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், பிறந்த தேதி என்று நான்கு பத்திகள் கோடு போட்டு, ஒவ்வொரு தாளிலும் இருப்பதை ஆங்கில எழுத்தில், புள்ளியும் இடைவெளியும் உட்பட, இருக்கிறபடியே பெயர்த்தெழுதுங்கள். கண்ணால் ஒப்பிட்டால் தப்பிவிடும். கையால் எழுதினால் தப்பாது. நான் கடையில் அளவுக் குறிப்பு எழுதும் நோட்டையே இதற்குப் பயன்படுத்தினேன்.

எழுதி முடித்ததும் பத்தாம் வகுப்புச் சான்றிதழை நடுவில் வையுங்கள். எழுத்துத் தேர்வை நடத்தும் மத்தியத் தேர்வாணையம் (யு.பி.எஸ்.சி.) பிறந்த தேதிக்கு அதையே ஏற்றுக்கொள்கிறது. விண்ணப்பத்தையும் அதன்படிதான் நிரப்பியிருப்பீர்கள். மற்றத் தாள்களை அதற்கு இணங்கத் திருத்த வேண்டுமே தவிர, மற்றவற்றுக்காக அதைத் தொடக்கூடாது. ஆதார் முதலில், வங்கி அடுத்து, பான் அட்டை கடைசியில் என்பது என் வரிசை. பின்னிரண்டையும் ஆதாரைப் பார்த்துத்தான் திருத்துகிறார்கள். வேறுபாடு தலைப்பெழுத்தை விரிப்பதோடு நின்றுவிட்டால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்பு அளிக்கும் பிரமாணப் பத்திரம் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. மாமனாரின் 'ஏ'க்கும் அதுவே காவலாக நின்றது. பெயரையே மாற்ற வேண்டிய நிலை என்றால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், எனவே எஸ்.எஸ்.பி. முடிந்த கையோடு தொடங்கிவிடுவது நல்லது.

முத்திரைத்தாளில் எழுதும் உறுதி

பெற்றோர் இரண்டு தாள்களில் கையொப்பமிட வேண்டும். பயிற்சியின்போது காயமோ அதைவிடப் பெரியதோ நேர்ந்தால் இழப்பீடு கோரும் உரிமை இல்லை என்பதை அறிவோம் என்பது ஒன்று. பிள்ளை தன் விருப்பப்படி இடையில் விலகினாலோ, முடிவில் அதிகாரிப் பதவியை ஏற்க மறுத்தாலோ, அதுவரையான பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டுவோம் என்பது மற்றொன்று. இரண்டையும் பிள்ளைக்கு முன்னால் வாய்விட்டுப் படித்து, வரிக்கு வரி தமிழில் சொல்லிவிட்டுக் கையொப்பமிடுங்கள். நாங்கள் படித்த இரவு என் கணவர் முதல் தாளிலேயே வெகுநேரம் நின்றுவிட்டார். மறுநாள் காலை வயலுக்குப் போய் வந்த பிறகுதான் கையொப்பமிட்டார். முத்திரைத்தாளில் ஒன்றைக் கூடுதலாகவே வாங்கி வையுங்கள். எங்களுக்கு முதல் தாள், அப்பாவின் பெயரைத் தட்டச்சில் தவறாக அடித்ததால் வீணாயிற்று. மீண்டும் பெயர்தான்.

கால், மூச்சு, தண்ணீர்

தேர்வாணையத்தின் அறிவிப்பே உடற்பயிற்சிக்கு ஓர் அளவு சொல்கிறது: 2.4 கிலோமீட்டரை 15 நிமிடத்தில் ஓட வேண்டும். தண்டாலும் படுத்து எழுந்திருப்பதும் குறைந்தது தலா 20. கம்பியில் தொங்கி மோவாய் வரை ஏறுவது 8. கயிறேறுதல் 3 முதல் 4 மீட்டர். சேரும் நாளில் இவை மூச்சிரைக்காமல் வர வேண்டும்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மூன்று தனித் தொல்லைகள் உண்டு. முதலாவது, செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த அகன்ற பாதம். புதுத் தோல் காலணியை அங்கே போய்த்தான் முதன்முதலாக அணிவது என்றால் இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளம் போடும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் கடைக்கு அழைத்துப் போய், அங்கே அணியப்போகும் தடித்த காலுறையைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். பிறகு ஆறு வாரம் தினமும் ஒரு மணி நேரம் அதிலேயே நடக்க வேண்டும். ஓடுவதற்கான காலணியில் விலையைப் பார்க்காதீர்கள், முன்பக்க அகலத்தைப் பாருங்கள்.

இரண்டாவது, ஏற்றம். எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் ஆற்றுக்கரைதான். அங்கேயோ சிங்கக்கோட்டை (சிங்ககட்) மலை எதிரிலேயே நிற்கிறது, ஏறத்தான் வேண்டும். என் மகன் காலையில் குடமுருட்டிக் கரையில் ஏறி இறங்கி ஓடினான். வாரம் ஒருமுறை சுவாமிமலைக்குப் போய், தமிழ் ஆண்டுகளின் பெயர் தாங்கிய அந்த அறுபது படிகளை நடையாகவே பத்து முறை ஏறி இறங்கினான். சன்னிதிக்குப் போகும் படியில் ஓடுவது முறையன்று என்று நான் சொல்லியிருந்தேன். திருச்சி மலைக்கோட்டைக்கு அருகில் இருப்பவர்களுக்கு ஏற்றத்தைத் தேடும் கவலையே இல்லை.

மூன்றாவது, நீச்சல். டெல்டாப் பிள்ளைக்கு நீச்சல் தெரியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு வாய்க்காலைக் கடப்பதைத்தான் நாம் நீச்சல் என்கிறோம். அங்கே முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, மூச்சை அளந்து விட்டு, நீளக் குளத்தை முடிக்க வேண்டும். ஜூலையில் சேர்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, பிரிந்து, நம் ஆற்றுக்கு வரும்போது பெட்டி கட்டும் நேரம் ஆகிவிடும். அதுவரை ஆற்றில் மணல்தான். ஆகவே சித்திரையிலேயே பணம் கட்டியாவது ஒரு நீச்சல் குளத்தில் சேர்த்துவிடுங்கள். பம்புசெட்டுத் தொட்டி மூச்சடக்கப் பழகுவதற்கு உதவும், அதற்கு மேல் உதவாது.

பெட்டி

சேர்க்கைக் கடிதத்தோடு வரும் பட்டியலை அப்படியே பின்பற்றுங்கள். அதில் இல்லாத ஒன்றையும் வைக்காதீர்கள்; முறுக்கு டப்பாவும் அதில் அடக்கம். நான் மீறியது ஒரே இடத்தில்: உள்ளாடையும் காலுறையும் பட்டியலைவிட இருமடங்கு வைத்தேன். நமக்கு மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும். அங்கே ஆனியிலும் ஆடியிலும் விடாமல் பெய்கிறது. துவைத்த துணி உலர்வதில்லை. முதல் கடிதத்தில் என் மகன் நன்றி சொன்ன ஒரே பொருள் அந்தக் காலுறைகள்தான்.

துணியில் பெயர் குறிப்பது என் தொழிலோடு சேர்ந்தது, ஆகையால் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்கிறேன். மார்க்கர் பேனா வேண்டாம். நான்கு சலவையில் மங்கிவிடும். ஒட்டும் பட்டையும் வேண்டாம்; இஸ்திரிச் சூட்டில் ஓரம் கிளம்பிவிடும். அந்தக் காலத்தில் சலவைக்காரர்கள் சேங்கொட்டையால் இட்ட குறி துணி கிழியும்வரை நிற்கும், ஆனால் அதன் பால் சிலருக்குத் தோலைப் புண்ணாக்கிவிடும். வெள்ளை நாடாவில் கருநீல நூலால் சங்கிலித் தையலில் பெயரை எழுதி, நான்கு பக்கமும் மடித்துத் தைத்துவிடுங்கள். கேடட் எண், அதாவது பயிற்சி மாணவனுக்கு உரிய எண், அங்கே போன பிறகுதான் கிடைக்கும். எனவே பெயருக்குப் பின்னால் இரண்டு அங்குல நாடாவை வெறுமையாக விடுங்கள். எண்ணை அவனே தைத்துக்கொள்ள வேண்டும். பொத்தான் தைக்கவும், மடிப்பு கலையாமல் இஸ்திரி போடவும், காலணிக்கு மெருகேற்றவும் போவதற்கு முன்பே பழக்கிவிடுங்கள். நான் தையற்காரி, என் பிள்ளைக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது என்பதைக் கடைசி மாதத்தில்தான் கண்டுபிடித்தேன்.

உணவும் மொழியும்

அங்கே உணவுக்கூடத்தில் இரண்டாயிரம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அமர்கிறார்கள். கத்தியும் முள்கரண்டியும் கொண்டுதான் சாப்பிட வேண்டும், அதுவும் விரைவாக. நாங்கள் வீட்டில் தோசையை வைத்துப் பழக்கினோம். தோசை கத்திக்கு இணங்காத பண்டம். அதை அறுக்கப் பழகியவனுக்குச் சப்பாத்தி எளிது. இந்தி தெரியாதே என்ற அச்சம் எங்களுக்கு நிரம்ப இருந்தது. பாடம் ஆங்கிலத்தில்தான், அணிவகுப்புக் கட்டளைகள் இந்தியில். என்.சி.சி.யில் இருந்த பிள்ளைக்கு 'சாவ்தான்', 'விஷ்ராம்' போன்றவை முன்பே பழகியிருக்கும். மற்றவர்கள் கட்டளைச் சொற்களையும் ஒன்று முதல் நூறு வரையான எண்களையும் ஒரு மாதத்தில் கற்றுவிடலாம். மீதியை அறைத்தோழன் கற்றுக்கொடுத்துவிடுவான். மிதிவண்டி தெரியாத பிள்ளை நம் பக்கத்தில் இருக்க மாட்டான். அங்கே வகுப்புக்கு வரிசையாக மிதிவண்டியில்தான் போகிறார்கள். பள்ளியில் வாங்கிய அரசு மிதிவண்டி அந்த வகையில் உதவிற்று.

பயணம்

கும்பகோணத்தில் இரவு உழவன் விரைவு வண்டி ஏறி எழும்பூர், அங்கிருந்து சென்ட்ரல், புணே வழியாக மும்பை போகும் வண்டி. ரயிலில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. சேர்க்கைக் கடிதம் அதைவிடக் குறுகிய அவகாசத்தில் வரக்கூடும். இறுதிப் பட்டியல் வந்தவுடனே உத்தேசத் தேதிக்கு ஒன்றும் அதற்கு மறுநாளுக்கு ஒன்றுமாக எடுத்து வைத்து, வேண்டாததை ரத்து செய்யுங்கள். ஒருநாள் முன்னதாகவே புணே சேர்ந்துவிடுவது நல்லது.

பின்சேர்க்கை 1: கூத்தாநல்லூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். கணவர் குவைத்தில் இருக்கிறார், முத்திரைத்தாளில் யார் கையொப்பமிடுவது என்பது அவருடைய கேள்வி. நான் இதை நினைத்தே பார்க்கவில்லை. படிவம் கேட்பது பெற்றோர் அல்லது பாதுகாவலரை. சேர்க்கைக் கடிதத்தில் இருந்த முகவரிக்கு எழுதிக் கேட்டுவிட்டு, அவர் தாமே கையொப்பமிட்டார். கணவர் வெளிநாட்டில் இருப்பவர்கள் அவருடைய ஆதார் நகலையும் கடவுச்சீட்டு நகலையும் முன்பே வரவழைத்து, அவற்றிலுள்ள எழுத்துகளையும் அந்த நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டில் பெயர் வேறொரு தினுசாக இருக்கும்.

பின்சேர்க்கை 2: மகளை அனுப்புவோருக்கும் இதே பட்டியலா என்று இருவர் கேட்டிருந்தனர். பெண்கள் 2022 முதல் அங்கே சேர்கிறார்கள். முதல் அணியின் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தனர். தாள்களிலும் கையொப்பத்திலும் வேறுபாடு இல்லை. உடைப் பட்டியலுக்கு உங்கள் மகளுக்கு வந்த கடிதத்தையே பாருங்கள், என் மகனுடையதை அல்ல.

பின்சேர்க்கை 3: பதினெட்டு நிறையாத பிள்ளைக்கு எடுத்த பான் அட்டையில் புகைப்படமும் கையொப்பமும் இருக்காது. பதினெட்டு முடிந்ததும் அதைப் புதுப்பிக்க வேண்டும். என் மகனுக்கு அந்தப் பிறந்தநாள் இரண்டாம் பருவத்தின் நடுவில் வந்தது. படிவத்தை நிரப்பி அஞ்சலில் அனுப்பினேன். கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பினான். கடைப்பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அப்போதும் ஒருமுறை அந்த நோட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.