எடை குறைந்த பிறகும் கண்ணாடி முன் நிம்மதி இல்லையா? நாம் செய்கிற தவறுகள் இவைதான்

நான் 14 மாதத்தில் 23 கிலோ குறைத்தேன். ஆசைப்பட்ட எண்ணை எடைமெஷின் காட்டிய அன்று காலை, குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றபோது முதலில் கண்ணில் பட்டது தொப்புளுக்குக் கீழே சுருங்கித் தொங்கிய தோல்தான். சந்தோஷப்பட வேண்டிய நாள். ஆனால் அன்று இரவே 'இன்னும் ஒரு ஐந்து கிலோ' என்று முடிவு செய்துவிட்டேன். அந்த ஐந்து கிலோவும் போனது. தோல் அப்படியே இருந்தது, கன்னம் ஒட்டிப்போனது, மூன்றாவது மாதம் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது.

நான் செய்த பெரிய தவறு அந்த ஐந்து கிலோதான். எடையைக் குறைப்பது எப்படி என்று சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள், ஆனால் குறைத்து முடித்த பிறகு கையில் இருக்கிற உடம்போடு எப்படி வாழ்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. தொடங்கும்போதே மனதுக்குள் ஒரு உருவத்தை வரைந்து வைத்துவிடுகிறோம். அது பெரும்பாலும் வேறு யாருடையதாகவோ இருக்கும், இல்லையென்றால் பதினெட்டு வயதில் நாம் இருந்த உருவமாக இருக்கும். கடைசியில் வெளியே வருவது நம் எலும்பு, நம் தோல், நம் குடும்பத்து வாகு. அதைப் பாதியில் நிற்கிற வேலையாக நினைக்கிறோம் பாருங்கள், அங்கிருந்துதான் மற்ற தவறுகள் எல்லாம் கிளம்புகின்றன.

எலும்போடு மல்லுக்கு நிற்பது

இடுப்பின் இரண்டு பக்கமும் கையை வைத்து, அழுத்திக்கொண்டே முன்பக்கமாக வாருங்கள். அடிவயிற்றின் இரு ஓரத்திலும் கெட்டியாக ஒரு முனை தட்டுப்படும். அது இடுப்பெலும்பு. அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் உள்ள தூரம் எவ்வளவு பட்டினி கிடந்தாலும் மாறாது. தோள் அகலமும் அப்படித்தான், அதில் காறை எலும்பின் நீளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. விலாக்கூடு சிலருக்கு விரிந்திருக்கும், சிலருக்குக் குறுகியிருக்கும். நேராக நிற்கும்போது தொடைகள் இரண்டும் ஒட்டுமா ஒட்டாதா என்பதிலும் இடுப்பெலும்பின் அகலத்துக்கும் தொடை எலும்பு சாய்ந்திருக்கும் விதத்துக்கும் நிறையப் பங்கு உண்டு. இடுப்புக்கும் தொடைக்கும் நடுவே பக்கவாட்டில் உள்வாங்கிய பள்ளம் ஒன்று பலருக்கு இருக்கும். அதை நிரப்புவதற்கென்றே உடற்பயிற்சி வீடியோக்கள் வருகின்றன. இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் தொடை எலும்பின் மேல்முனைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் அந்தப் பள்ளம். கொழுப்பு குறையக் குறைய அது இன்னும் நன்றாகத் தெரியும். எடை குறைத்தவர்கள் பலர் இதைத் தங்கள் தோல்வி என்று நினைத்து வருத்தப்படுவதைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது பொறுக்கவே இல்லை.

'இந்த ஒரு இடம் மட்டும் குறைந்தால் போதும்'

தொப்பைக்கு நூறு, தொடைக்கு இருநூறு என்று எண்ணிக்கொண்டு பயிற்சி செய்வது. தசைக்கு எரிபொருள் வேண்டும் என்றால் அது பக்கத்தில் ஒட்டியிருக்கிற கொழுப்பைப் பிய்த்து எடுத்துக்கொள்வதில்லை. உடம்பெங்கும் உள்ள கொழுப்பு செல்கள் இருப்பைக் கரைத்து ரத்தத்தில் விடுகின்றன, தசை ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. எந்த இடத்திலிருந்து முதலில் போகும், எது கடைசி வரை பிடிவாதமாக இருக்கும் என்பதை ஹார்மோன்களும் மரபணுவும்தான் தீர்மானிக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் நிறைய இருக்கும் வரை பெண்களுக்குக் கொழுப்பு இடுப்பு, தொடைப் பக்கம் சேரும், மாதவிடாய் நின்ற பிறகு வயிற்றுப் பக்கம் நகரும். ஆண்களுக்கு முதலிலிருந்தே வயிறுதான்.

1990இல் வெளியான ஒரு ஆய்வு எனக்கு மிகவும் உதவியது. கனடாவில் ஒரே மாதிரி இரட்டையர்கள் 12 ஜோடிப் பேருக்கு, தேவைக்கு மேல் தினம் 1000 கலோரி வீதம் 84 நாள் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு கூடுதல், ஆனால் ஒருவருக்கு ஏறியது 4 கிலோ சொச்சம், இன்னொருவருக்கு 13 கிலோவுக்கு மேல். ஏறிய அளவும், அது உடம்பில் போய்ச் சேர்ந்த இடமும் ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் பெரும்பாலும் ஒத்துப்போயின, ஜோடிக்கு ஜோடி வேறுபட்டன. இதைப் படித்த பிறகு வீட்டுப் பழைய ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். என் அத்தைகள் மூன்று பேரும் வரிசையாக நிற்கிற படம். மூவருக்கும் மெல்லிய கை, கனத்த தொடை. என் தொடையை அந்தப் படத்தில் மூன்று முறை பார்த்தேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருக்கும், தேடிப் பாருங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். எடை குறையும்போது கொழுப்பு செல்கள் சுருங்குகின்றன, எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை. ஸ்வீடனில் நடந்த ஆய்வு ஒன்று இதை 2008இல் காட்டியது: பெரியவர்களின் உடம்பில் வருடத்துக்குச் சுமார் 10 சதவீதக் கொழுப்பு செல்கள் செத்துப் புதிதாக வருகின்றன, மொத்த எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. அதனால் முன்பு பருமனாக இருந்த ஒருவரின் உடம்பும், ஒருபோதும் பருமனாக இல்லாத ஒருவரின் உடம்பும் ஒரே எடையில் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே சரியில்லை.

தோலைக் கொழுப்பு என்று நினைத்துப் பட்டினி கிடப்பது

என்னை வீழ்த்திய தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வயிற்றில் தொங்குகிற இடத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். விரல்களுக்கு நடுவில் மெத்தென்று கனமாக எதுவும் இல்லாமல், புறங்கைத் தோலை இழுத்த மாதிரி மெல்லிசாக வருகிறது என்றால் அங்கே பெரும்பாலும் தோல்தான் மிச்சம். இனி எவ்வளவு எடை குறைத்தாலும் அது இன்னும் தளரத்தான் செய்யும்.

தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம், இழுத்தால் திரும்பிப் போகிற குணத்தைத் தருவது எலாஸ்டின். வருடக்கணக்கில் விரிந்தே இருந்த தோலில் இந்த இழைகள் சேதமாகிவிடுகின்றன, எடை போன பிறகும் பழையபடி சுருங்குவதில்லை. எவ்வளவு எடை, எத்தனை வருடம் சுமந்தோம், வயது, புகைப்பழக்கம், வெயில், பரம்பரை எல்லாம் சேர்ந்துதான் யாருக்கு எவ்வளவு தொங்கும் என்பது அமைகிறது. கொஞ்சம் தளர்ந்திருந்தால் ஓரிரு வருடத்தில் ஓரளவு இறுகலாம், நிறையத் தொங்கினால் அது தானாகப் போகாது. மேலே பூசுகிற க்ரீம் ஈரப்பதம் தரும், அவ்வளவுதான், தொங்குகிற மடிப்பை எந்த க்ரீமும் ஏற்றிவிடாது, தயவுசெய்து அதில் பணத்தைப் போடாதீர்கள். தசையை வளர்த்தால் கை, தொடைப் பக்கம் உள்ளே கொஞ்சம் நிரம்பித் தெரியும். வயிற்றில் அதற்கு அவ்வளவு பலன் இல்லை.

அறுவை சிகிச்சை செய்து அகற்ற முடியும். அதை விரும்புகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை, தோல் மடிப்பில் வியர்த்து உரசிப் புண்ணாகிறவர்களுக்கு அது பெரிய விடுதலை. அவசரப்படுவதுதான் தவறு. எடை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும் என்றுதான் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். நீளமான தழும்பு நிரந்தரமாக இருக்கும் என்பதையும் முன்கூட்டியே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று முடிவு செய்தால், குளித்த பிறகு மடிப்புகளை நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். சிவந்து அரித்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், காட்டி மருந்து வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

'இன்னும் கொஞ்சம்' என்ற பேராசை

முதல் 5 முதல் 10 சதவீத எடை குறைந்தாலே பலருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் நல்ல மாற்றம் காட்டும். அதற்கு மேல் ஒரு கட்டத்தில் ஆரோக்கியத்துக்காகக் குறைப்பது முடிந்து, உருவத்துக்காகக் குறைப்பது தொடங்குகிறது, எந்த நாளில் அது மாறியது என்று நமக்கே தெரிவதில்லை.

உடம்பு இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறைகிறது. அது கொழுப்பிலிருந்து சுரந்து மூளைக்கு 'இருப்பு போதும்' என்று சொல்கிற ஹார்மோன், 1994இல்தான் கண்டுபிடித்தார்கள். அது குறைந்தால் பசி கூடும், உடம்பு செலவைச் சுருக்கும். சாப்பாட்டை மட்டும் குறைத்துக்கொண்டே போனால் போகிற எடையில் கால்பங்கு வரை தசையும் மற்றவையுமாக இருக்கலாம். வேகமாகக் குறைத்த இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டும், சரியாகச் சாப்பிட்டால் பிறகு முளைக்கும். எனக்கு முளைத்தது.

1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். சுமார் கால்பங்கு எடை போனது. அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது, சமையல் குறிப்புகளை உட்கார்ந்து படித்தார்கள், எப்போதும் குளிர்கிறது என்றார்கள், சிடுசிடுத்தார்கள். திரும்பச் சாப்பிடத் தொடங்கியபோது தசையை விடக் கொழுப்பு வேகமாக ஏறியது. இலக்கு எடையைத் தொட்ட பிறகும் நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள், உடம்பு பசியில் இருக்கிறது.

நாம் உயிரை விடுகிற பிஎம்ஐ (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருகிற எண்) கணக்குக்கு 1972இல் அந்தப் பெயர் வைத்ததும் இதே கீஸ்தான். கணக்கு அதற்கும் பழையது, பெல்ஜியம் நாட்டுப் புள்ளியியலாளர் கெட்லே 19ஆம் நூற்றாண்டில் போட்டது. பெரிய கூட்டத்தை அளக்க உதவுகிற எண் அது, உங்கள் எலும்பு எவ்வளவு, தசை எவ்வளவு, கொழுப்பு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. வீட்டிலேயே பார்க்க ஒரு அளவு வேண்டுமென்றால் வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ரத்தப் பரிசோதனையும் நன்றாக இருந்தால், நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம் வாரம் 2 நாளாவது எடை தூக்கும் பயிற்சி செய்யுங்கள், இருக்கிற தசையைக் காப்பாற்ற.

பழைய உருவத்தை மனதில் சுமப்பது

குறைந்து ஒரு வருடம் ஆன பிறகும் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் போக நான் பக்கவாட்டில் திரும்பினேன். தாராளமாக ஒரு ஆள் நடக்கிற இடைவெளி அது. உடம்பு குறைகிற வேகத்தில் மனதில் உள்ள உருவம் குறைவதில்லை, இது நிறையப் பேருக்கு நடக்கிறது. அந்த நேரத்தில் கண்ணாடியை நம்பி முடிவு எடுப்பது ஆபத்து. செல்ஃபி இன்னும் மோசம், கேமராவுக்கு அருகில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சின்னதாகவும் விழும், கை நீளத்தில் எடுத்த படத்தை வைத்து உடம்பை எடைபோடாதீர்கள்.

உட்கார்ந்தால் வயிறு மடிகிறது என்ற கவலையும் இப்படித்தான். நிமிர்ந்து நிற்பதற்குத் தேவையான தோல், குனியும்போது எங்கே போகும்? மடியத்தான் வேண்டும். முழங்கைத் தோலில் இருக்கிற சுருக்கத்தைப் பாருங்கள், கையை மடக்குவதற்காகவே அது அங்கே இருக்கிறது, அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை.

ஊர் பேச்சும் சேர்ந்துகொள்ளும். குண்டாக இருந்தபோது பேசியவர்களே 'என்ன இப்படி ஒட்டிப்போயிட்ட, உடம்புக்கு ஏதாவதா' என்பார்கள். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 'நல்லா இருக்கேன்' போதும்.

ஏற்றுக்கொள்வது என்றால் எதையும் கவனிக்காமல் விடுவது என்று நினைப்பது

சில விஷயங்களை வாகு என்று விட்டுவிடக் கூடாது. மேலே எல்லாம் குறைந்தும் இரண்டு காலும் தூண் மாதிரி அப்படியே இருந்து, தொட்டால் வலித்து, லேசாகப் பட்டாலே கன்றிப்போய், பாதம் மட்டும் மெலிந்திருந்தால் அது லிப்பிடீமா என்ற கொழுப்புத் திசு நோயாக இருக்கலாம், அந்தக் கொழுப்பு சாப்பாட்டுக் கட்டுப்பாட்டுக்கு எளிதில் அசையாது. பிரசவத்துக்குப் பிறகு வயிற்றின் நடுவில் தசைகள் விலகியிருந்தால் கொழுப்பே இல்லாமலும் வயிறு முன்தள்ளும். ஆண்களுக்கு மார்பில் மிஞ்சுவது சுரப்பித் திசுவாக இருந்தால் எடை குறைத்துக் கரைக்க முடியாது. இவை எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. அதேபோல் மாதவிடாய் நின்றுபோவது, எழுந்தால் கண் இருட்டுவது, சாப்பிட்டதற்காகத் தன்னையே தண்டிப்பது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, ஒரு நாளில் பலமுறை எடை பார்ப்பது எல்லாம் வந்தால், அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரையோ மனநல நிபுணரையோ பாருங்கள்.

கடைசியாக உடை. 'இன்னும் குறைந்ததும் போடலாம்' என்று ஒரு அளவு சின்னதாக வாங்கி வைப்பதும், பழைய தொளதொளப்புக்குள்ளேயே ஒளிந்துகொள்வதும் ஒரே வருத்தத்தின் இரண்டு பக்கங்கள். நான் இரண்டையும் செய்தேன். பிறகு ஒரு நாள் தையற்காரரிடம் போய் நின்றேன். டேப்பைச் சுற்றினார், இடுப்பு, தொடை, உயரம் என்று மூன்று எண்களை நோட்டில் எழுதிக்கொண்டார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வாரம் போட்டுப் பார்த்த பேன்ட் தொடையில் இறுக்கவும் இல்லை, இடுப்பில் நழுவவும் இல்லை. அதைப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்து வந்தேன்.