கண்மாய்க்குக் கம்பெனிப் பணம் வரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பக்கத்தில் ஒரு கண்மாயின், அதாவது பாசன ஏரியின், கரையில் இரண்டு பலகைகள் நிற்கின்றன. ஒன்றில் அரசுத் திட்டத்தின் பெயர், மற்றொன்றில் ஒரு கம்பெனியின் பெயர். இரண்டிலும் ‘தூர்வாரப்பட்டது’ என்றுதான் எழுதியிருக்கிறது. இடைவெளி எட்டு மாதம். அந்த ஐப்பசியில் நல்ல மழை. மேல் கண்மாய் நிறைந்து, உபரி நீர் வழியும் கலுங்கு பாய்ந்தது. ஆனால் இந்தக் கண்மாய்க்கு முழங்கால் அளவுத் தண்ணீர்தான் வந்து சேர்ந்தது. தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்யும் வேலையை இரண்டு தரப்பும் தங்கள் மதிப்பீட்டில் சேர்க்கவில்லை. பணமும் நல்ல மனமும் இருந்தும், அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை, ஊரோடும் பேசவில்லை.

அரசும் தனியாரும் சேர்ந்து கிராமத்துக்குச் செய்யும் வேலைகளில் நான் பார்த்த தவறுகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. பள்ளிக்கூடம், குடிநீர் என்று எந்த வேலைக்கும் இவை பொருந்தும். எனக்கு நன்றாகத் தெரிந்தது கண்மாய் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

முதல் தவறு, கண்மாய் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று பார்க்காமல் இறங்குவது. தமிழ்நாட்டில் ஆயக்கட்டு, அதாவது கண்மாய் நீர் பாயும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் பொதுவாக அது நீர்வளத் துறையின் கண்மாய். அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. நிலம் வருவாய்த் துறைக் கணக்கில் புறம்போக்காக இருக்கும். கண்மாயின் உட்பரப்பான உள்வாயில் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்கள் சமூகக் காடு திட்டத்தில் வனத்துறை நட்டவையாக இருக்கலாம், அவற்றை நம் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. வண்டல் மண்ணை வயலுக்கு அள்ளத் தனி அனுமதி வேண்டும். ஊராட்சித் தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஜே.சி.பி.யை இறக்கிய வேலைகள் மூன்றாம் நாளே நின்றதை நான் பார்த்திருக்கிறேன். வாடகை மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

இதைவிடப் பெரிய தவறு, அரசு செய்யும் அதே வேலையைத் தனியார் பணமும் செய்வது. எல்லையை அளந்து கல் நடுவதும் ஆக்கிரமிப்பை எடுப்பதும் அரசால் மட்டுமே முடிகிற வேலைகள். 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் அந்த அதிகாரத்தை அரசு அலுவலர்களுக்குத்தான் தருகிறது. ஒரு கம்பெனியோ தொண்டு நிறுவனமோ அந்த வேலையில் இறங்கினால் ஊரில் சண்டைதான் மிஞ்சும். தனியார் பணம் வேறு இடத்தில் கைகொடுக்கும். வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடை ஒன்று அரசு மதிப்பீட்டில் விட்டுப்போயிருந்தால் அதைக் கட்டலாம், வரத்துக்காலைச் சுத்தம் செய்யலாம், இரண்டு மூன்று ஆண்டுகள் கூடவே இருந்து கவனிக்க ஓர் ஆளுக்குச் சம்பளம் தரலாம். இந்தப் பங்கீட்டை வேலை தொடங்குவதற்கு முன்பே வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) அலுவலகத்தில் உட்கார்ந்து தாளில் எழுதிவிட வேண்டும். எந்த மடை யார் செலவில், எத்தனை மீட்டர் கரை யார் செலவில் என்பது வரை அதில் இருக்கட்டும். அப்படி எழுதிவிட்டால் ஒரே வேலையை இரண்டு கணக்கில் காட்டவும் வழியிருக்காது.

மார்ச் 31-க்குள் முடிக்கிற அவசரம்

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு இப்படிச் சொல்கிறது: நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஊரக வளர்ச்சியும் அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கிறது.

கம்பெனியின் ஆண்டு மார்ச் 31-ல் முடிகிறது. கண்மாய்க்கோ வேறு நாட்காட்டி. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும், தை மாசியில் அறுவடை நடக்கும், சித்திரையிலிருந்து ஆவணி வரைதான் கண்மாய் காய்ந்து கிடக்கும். கம்பெனியில் ஒப்புதல் வாங்கிப் பணம் கைக்கு வரும்போது பல நேரம் மழை தொடங்கிவிடும், இல்லையென்றால் உள்வாயில் சேறு இருக்கும். ‘மார்ச்சுக்குள் செலவழித்தாக வேண்டும்’ என்று சேற்றில் வண்டியை இறக்கினால் வெட்டிய மண் கரையில் நிற்காது, கரைக்கும் கேடு.

இந்த அவசரத்துக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. வேலையை ஒரே ஆண்டில் முடிவதாக எழுதாமல், தொடர் திட்டமாக முதலிலேயே இயக்குநர் குழுவில் ஒப்புதல் வாங்கலாம். அப்போது செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டு, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம். கம்பெனியிலிருந்து வருகிற அலுவலரிடம் ஊர்க்காரர்களும் தொண்டு நிறுவனத்தாரும் முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டியது இதைத்தான். அரசுப் பக்கமும் மதிப்பீடு, தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி என்று மாதங்கள் ஓடும். சித்திரையில் வேலை தொடங்க வேண்டுமானால் முந்தைய புரட்டாசியிலேயே பேச்சைத் தொடங்கிவிடுவது நல்லது.

ஆழமாக வெட்டினால் நல்லது என்கிற எண்ணம்

இங்கேதான் அதிகப் பணம் வீணாகிறது. எத்தனை ஆயிரம் கன மீட்டர் மண் எடுத்தோம் என்பது அறிக்கையில் எழுத வசதியான எண். ஆனால் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு வெட்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்கு ஏறாது. ஆடு மாட்டுக்கும் மீனுக்கும் நிலத்தடி நீருக்கும் அது உதவும், அதற்காக ஓரிடத்தில் கொஞ்சம் பள்ளம் வைப்பது சரி. கண்மாய் முழுவதையும் கிண்ணம் மாதிரி வெட்டுவது தப்பு. இன்னும் ஆழமாகப் போய்க் களிமண் படுகையை உடைத்து மணலைத் தொட்டுவிட்டால், தேங்குகிற தண்ணீர் வேகமாகக் கீழே இறங்கிவிடும். கரையின் அடியை ஒட்டி வெட்டினால் கரையே பலவீனமாகும். வெட்டிய மண்ணை உள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நடுவதும் இப்போது பரவலாகிவிட்டது. படத்தில் அழகாக இருக்கும். ஆனால் முழுக் கொள்ளளவு மட்டத்துக்குக் கீழே அந்த மண் எவ்வளவு இடம் பிடிக்கிறதோ அவ்வளவு தண்ணீர் குறையும். மண் கரைக்கும் வயலுக்கும் போக வேண்டும்.

இன்னொன்று, கலுங்கை உயர்த்துவது. ‘இரண்டு அடி கூடுதலாகக் கட்டினால் இன்னும் நிறையத் தேங்குமே’ என்று யாராவது சொல்வார்கள். தெற்கு மாவட்டங்களில் கண்மாய்கள் சங்கிலி மாதிரித் தொடர்ந்து இருப்பவை, மேல் கண்மாயின் உபரிதான் கீழ்க் கண்மாயின் வரத்து. இங்கே உயர்த்தினால் மேலே இருக்கிற நிலம் மூழ்கும், கீழே இருக்கிற ஊருக்குத் தண்ணீர் குறையும். ஆகவே பழைய மட்டத்தை மாற்றக் கூடாது. மேலும் கீழும் இருக்கிற ஊர்க்காரர்களோடு சேர்ந்து வரத்துக்கால் வழியாக ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, அப்புறம் மதிப்பீடு போடலாம். அந்த ஒரு நாள் நடை பல லட்சம் ரூபாயைக் காப்பாற்றும்.

ஊரைக் கடைசியில் கேட்பது

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எல்லாம் முடிவான பிறகு தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவதற்காக மட்டும் அங்கே போகிறார்கள். அக்டோபர் 2 கூட்டத்தில் திட்டத்தைச் சொல்லி, திருத்தங்கள் கேட்டு, ஜனவரி 26-ல் தீர்மானம் போட்டால் நாட்களும் சரியாகப் பொருந்தும். கூட்டத்தில் பேசுவது பெரும்பாலும் ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களாகவே இருப்பார்கள். ஆனால் கண்மாயை நம்பி ஆடு மேய்ப்பவர்கள் இருக்கிறார்கள், மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் இருக்கிறார், சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. காலம் காலமாக மடை திறந்து நீர் பாய்ச்சும் வேலை பார்த்த குடும்பம் பல ஊர்களில் நிலமே இல்லாத குடும்பமாக இருக்கும். அவர்கள் வீட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். எந்த மடை எந்த ஆண்டு உடைந்தது என்று அவர்களைப் போல வேறு யாருக்கும் தெரியாது.

ஊரின் பங்குத் தொகையையும் கம்பெனியே கட்டிவிடுவது நல்ல எண்ணத்தில் நடக்கிற தவறு. மக்கள் பங்களிப்போடு நடக்கும் அரசின் நமக்கு நாமே திட்டத்தில் பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்காவது பொதுமக்கள் பங்களிப்பாக வர வேண்டும். நன்கொடையாளரும் அதைத் தரலாம். விவசாயிகளே சேர்ந்து நீர்நிலைகளைச் சீரமைக்கும் குடிமராமத்து 2017-ல் மீண்டும் தொடங்கியபோது பாசன விவசாயிகளின் பங்கு 10 சதவீதமாக இருந்தது. வீட்டுக்கு நூறு ரூபாயோ இரண்டு நாள் உழைப்போ கொடுத்தவர்கள் ‘சிமெண்ட் எத்தனை மூட்டை?’ என்று வந்து நின்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வேலைக்கு மிகவும் தேவை. ஒரு பகுதியையாவது ஊரே போடும்படி விட்டுவிடுங்கள்.

திறப்பு விழாவுக்குப் பிறகு

ஒரு பள்ளியில் சுத்திகரிப்புக் குடிநீர் இயந்திரம் வைத்தார்கள். நல்ல இயந்திரம். சல்லடை மாற்ற வேண்டிய காலம் வந்தபோது அந்தச் செலவு யாருடையது என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. பிள்ளைகள் பழையபடி பாட்டிலில் தண்ணீர் கொண்டுவரத் தொடங்கினார்கள். அதைப் பார்க்கும்போது மனது வலித்தது, ஏனென்றால் அதை வைக்கச் சொல்லி அலைந்தவர்களில் நானும் ஒருவன்.

சி.எஸ்.ஆர். பணத்தில் உருவான சொத்தைக் கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. பதிவு பெற்ற அறக்கட்டளை, சங்கம் அல்லது லாப நோக்கமற்ற நிறுவனம், பயனாளிகளின் குழு, அரசு அமைப்பு, இவற்றில் ஒன்றிடம்தான் அது இருக்க வேண்டும். யார் என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். ஒரே ஒரு தலைவரின் ஆர்வத்தை மட்டும் நம்பிப் போவதும் ஆபத்து. 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை தேர்தலே நடக்கவில்லை. அந்தத் தேர்தலில் வந்தவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து மறுபடியும் தலைவர்களுக்குப் பதில் அரசின் தனி அலுவலர்கள் வந்தார்கள். அதனால் பாசனக்காரர்களின் சங்கம் ஒன்று தனியாக இருப்பது அவசியம். மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளை பல ஆண்டுகளாக வயலகம் என்ற பெயரில் இப்படிக் கண்மாய்ச் சங்கங்களை வளர்த்துவருகிறது. பராமரிப்புக்காகச் சங்கத்தின் பெயரில் ஒரு சேமநிதி போட்டு, அதன் வட்டியில் சின்னச் சின்ன மராமத்துகளைப் பார்த்துக்கொள்வது அங்கிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க வழி.

மடை, கரை, கலுங்கின் அளவுகளையும் மதிப்பீட்டின் நகலையும் ஊராட்சிப் பதிவேட்டில் ஒன்று, சங்கத்திடம் ஒன்று என வையுங்கள். அடுத்த முறை எந்தத் துறை வந்தாலும், எந்தக் கம்பெனி வந்தாலும், முதல் நாளே எடுத்துக் காட்டலாம்.