ஆங்கிலத்தின் பூ மரபுத்தொடர்களைப் பிழையின்றிக் கையாளும் முறை

ஆங்கில மரபுத்தொடர் ஒன்றில் பூவின் பெயரைக் கண்டால், அகராதிப் பொருளை மனப்பாடம் செய்வதற்கு முன் அந்தச் செடியின் இயல்பைத் தெரிந்துகொள்ளுங்கள். டெய்ஸி என்ற பெயரே 'பகலின் கண்' எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. இரவில் கூம்பும் அந்தப் பூ காலை வெளிச்சத்தில் மீண்டும் இதழ் விரிப்பதை மனத்தில் கொண்டால், நன்றாக உறங்கி எழுந்து களைப்பின் சுவடே இல்லாதிருப்பவரை 'ஃப்ரெஷ் ஆஸ் எ டெய்ஸி' என்பது ஏன் என்று தானே விளங்கும். வால்ஃப்ளவர் பழைய சுவர்களின் இடுக்கில் வேர்விடும் செடி. நடன அரங்கில் ஆட அழைப்பாரின்றிச் சுவரோரம் அமர்ந்திருப்பவருக்கு வழங்கிய அப்பெயர், இன்று கூட்டத்தில் கூச்சத்தால் ஒதுங்கி நிற்கும் எவருக்கும் பொருந்துகிறது.

அடுத்து, தொடர் எந்த வடிவில் வழங்குகிறது என்று கவனியுங்கள். 'பெட் ஆஃப் ரோசஸ்' என்பது சுகமான நிலையைக் குறித்தாலும், வாழ்க்கையோ வேலையோ அப்படி இல்லை என்று மறுக்கவே பெரும்பாலும் பயன்படுகிறது. கூச்ச சுபாவியைக் குறிக்கும் 'ஷ்ரிங்கிங் வயலட்' என்பதும் அப்படித்தான்: 'ஷி இஸ் நோ ஷ்ரிங்கிங் வயலட்' என்றால், தன் கருத்தைத் தயங்காமல் சொல்பவர் என்று பொருள். இவற்றை எதிர்மறைச் சொல்லோடு சேர்த்தே பழகுவது நல்லது.

இடம் அறிவதும் முக்கியம். 'புஷிங் அப் டெய்ஸீஸ்' என்றால் இறந்து மண்ணுக்குள் போய்விட்டார் என்று பொருள். நண்பர்களிடையே வேடிக்கையாகச் சொல்லும் இத்தொடரை இரங்கல் கடிதத்தில் ஒருபோதும் எழுதக் கூடாது.

தமிழில் இணைத்தொடர் இருந்தால் கற்பது எளிது. 'நிப் இட் இன் தி பட்' என்பதற்கு நம் 'முளையிலேயே கிள்ளி எறி' அப்படியே பொருந்துகிறது. அவர்கள் மொட்டைக் கிள்ளுகிறார்கள், நாம் முளையைக் கிள்ளுகிறோம். மொட்டைக் குறிக்கும் 'பட்' (bud) என்பதை உச்சரிக்கும்போது ஈற்றொலியை மென்மையாக்குங்கள், ஏனெனில் வல்லொலியானால் அச்சொல் பிட்டத்தைக் (butt) குறிக்கும்.

ஆனால் ஒப்புமை ஏமாற்றவும் செய்யும். ஷேக்ஸ்பியர் தம் 'கிங் ஜான்' நாடகத்தில் தங்கத்துக்கு முலாம் பூசுவதையும் லில்லிக்கு வண்ணம் தீட்டுவதையும் வீண் வேலைகளாக அடுக்கினார். வழக்கில் இரண்டும் கலந்து 'கில்ட் தி லில்லி' ஆயிற்று. ஏற்கெனவே அழகாக இருப்பதன் மேல் வேண்டாத அலங்காரத்தை ஏற்றுவதைக் கண்டிக்கும் தொடர் இது. 'பொன்மலர் மணம் பெற்றாற்போல' என்னும் நம் வழக்கிலும் பொன்னும் பூவும் உண்டு. ஆயினும் அது சிறப்புக்கு மேல் சிறப்புச் சேர்வதைப் புகழ்வது. எனவே ஒருவரது முயற்சியைப் பாராட்டும்போது, பொன்மலரை நினைத்துக்கொண்டு 'யூ ஹேவ் கில்டட் தி லில்லி' என்று சொல்லிவிடாதீர்கள். அவர் செய்தது தேவையற்ற வேலை என்றே கேட்பவர் புரிந்துகொள்வார்.