ட்ரோன் பேட்டரியை இ-சிகரெட்டில் போடாதீர்கள்

புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் உதிரியாக வாங்கிய லித்தியம் செல்லையோ, ரிமோட் கார், ட்ரோனிலிருந்து கழற்றிய லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியையோ இ-சிகரெட்டில் போடுவது ஆபத்து. 2019 முதல் நாடு முழுக்க இ-சிகரெட் விற்பனைக்கே தடை. ஆனாலும் கையில் வைத்திருக்கும் தம்பிகளுக்காகச் சொல்கிறேன். இந்தப் பேட்டரிகள் பலவற்றில் பாதுகாப்பு சர்க்யூட் கிடையாது. இ-சிகரெட்டில் சூடேறும் கம்பிச்சுருள் (coil) ஷார்ட் ஆனாலோ, 4.2 வோல்ட்டைத் தாண்டி சார்ஜ் ஏறினாலோ செல் கொதித்து, வாயு கக்கித் தீப்பிடிக்கலாம். அதுவும் முகத்துக்குப் பக்கத்தில்!

18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல்லில், கொள்ளளவு 9900 எம்ஏஎச் (mAh) என்று அச்சிட்டிருந்தால் அது போலி. டார்ச்சுக்குக்கூட வாங்க வேண்டாம். அப்புறம், உதிரி செல்லைச் சாவி, சில்லறையோடு பாக்கெட்டில் போடவே கூடாது, பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். உப்பிய பேட்டரியைக் குப்பையில் எறியாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.