வளைவில் உதறிய வண்டி

நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் பழைய செடான் ஒன்றை வாங்கிய ஆறாம் மாதம், மாட்டுத்தாவணி அருகே ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் பின்பக்கம் உதறத் தொடங்கியது. ஆக்ஸில் ஜாயின்ட் போயிருக்கும் என்று ஒரு மெக்கானிக் சொன்னதை நம்பி இரண்டை மாற்றினேன். அந்தப் பணம் வைகையில் கரைத்த புளியாயிற்று.

மேலூர் சாலையில் டயர் கிழிந்தபோது ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டது பிறகுதான் நினைவுக்கு வந்தது. புதியதில் 8 மில்லிமீட்டரும் பழையவற்றில் 3 மில்லிமீட்டரும் பட்டன் உயரம் இருந்ததால் சுற்றளவில் 31 மில்லிமீட்டர் வேறுபட்டது. என் 17 அங்குல டயருக்கு அது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 சுற்று. அதில் பாதியை, ஒரே அச்சின் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல் வழியாக, முன் பின் அச்சுகளை இணைக்கும் கப்ளிங்கின் கிளட்ச் தட்டுகள் நேர்ச்சாலையிலும் ஓயாமல் வழுக்கியபடியே தாங்க வேண்டும். கப்ளிங்கிலிருந்து வடித்த எண்ணெய் கருத்துத் தீய்ந்த வாடை அடித்ததில் வியப்பில்லை. நிறுவனக் கையேடு குறிப்பிட்ட எண்ணெயையே ஊற்றி, கப்ளிங் பம்பின் வடிகட்டியைக் கழுவி, நான்கு டயர்களையும் ஒரே வகையாக மாற்றினேன். செலவு கசந்தது.

அடுத்த வாரம் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறியபோது கொண்டை ஊசி வளைவுகளில் உதறலே இல்லை.